இடப்பக்கம் உட்கார்ந்தவள்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது நள்ளிரவிலும் நடக்கவில்லை, சுடுகாட்டிலும் நடக்கவில்லை. பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள கட்டடத்தில், எனக்கே நடந்தது.

பியானோப் போட்டியின் முதல்கட்டத் தேர்வுக்காக அந்தப் பழைய சங்கீத நகரத்துக்கு நானும் அண்ணனும் போயிருந்தோம். முப்பது வயது தாண்டினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. இதையும் கோட்டை விட்டால், ஆயுசு முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

"பாப்பா, உன் மூஞ்சியைப் பார்த்தா பியானோ வாசிக்க வந்த மாதிரியா இருக்கு? ஊசி போட்டுக்க வந்த மாதிரி இருக்கு" என்றான் அண்ணன்.

பயிற்சிக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு பியானோ, ஒரு நீள பெஞ்ச், ஒரு ஜன்னல். குளிரில் சுவரெல்லாம் சில்லிட்டிருந்தது. கையைத் தேய்த்துக்கொண்டு கட்டைகளைத் தொட்டேன். வலப்பக்கக் கட்டைகள் பனிக்கட்டி. இடப்பக்கத்தில் இருந்தவை வெதுவெதுப்பாக இருந்தன.

யாரோ இப்போதுதான் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பூட்டைத் திறந்ததே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்வது என் வழக்கம். முதல் பாட்டு முடிந்தபோது வலது ஓரத்தில் இருந்தேன். நடுவுக்கு நகர்ந்தேன். அடுத்தது முடிந்தபோது... மறுபடி ஓரம்.

பெடலை மிதிக்கக் காலை நீட்டினேன். அது ஏற்கெனவே இறங்கியிருந்தது... யாரோ மிதித்துப் பிடித்திருந்தார்கள்.

பியானோ படித்தவர்களுக்குத் தெரியும். ஒரே பியானோவில் இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால், பெடல் இடப்பக்கத்து ஆளுடையது.

அலறியடித்து ஓடிவந்தேன். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கையோடு ரயிலேற்றிவிடுவான். எனக்கு அந்தத் தேர்வு வேண்டும்.

மறுநாள் காலை. நடுவர்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு திரை. யார் முகமும் யாருக்கும் தெரியாது. வேறு கூடம், வேறு பியானோ. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்தேன்.

பாதியில் எனக்கு மறந்துவிட்டது.

கைகள் அந்தரத்தில் நின்றன. சத்தம் நிற்கவில்லை... இடப்பக்கக் கட்டைகள் இறங்கி ஏறின... இறங்கி ஏறின...

தோளோடு ஒரு தோள் உரசியது.

என் மணிக்கட்டின் மேல் ஒரு பின்னல் விழுந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. விட்ட இடத்தைப் பிடித்து வாசித்து முடித்தேன்.

முடித்தோம்.

வெளியே நடைபாதையில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து அண்ணன் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தான்.

"பாப்பா! தனியா வாசிக்கிறதுல இல்லையாம். ஜோடியா வாசிக்கிற பிரிவுல எடுத்துட்டாங்க! கூட வாசிச்சவங்களும் வருவாங்களான்னு கேட்டாங்க. யாருன்னே தெரியல, அதுக்காக விட்டுடுவேனா? ரெண்டு பேருக்கும் சம்மதம்னு சொல்லிட்டேன்!"

சுருதி சேர்ப்பவரின் கை அப்படியே நின்றது.

"உங்க பக்கத்துல... ஆம்பளையா?" என்று கேட்டார்.

"பொண்ணு. பின்னல் போட்டிருந்தா."

அவர் முகம் வெளுத்துப்போனது. "போன வருஷம் வந்த பொண்ணும் இப்படித்தான் பயந்துச்சு. யாரோ ஒரு ஆள், பக்கத்துல உக்காந்து இருமுறான்னு சொல்லிச்சு. ஆனா ஆசை யாரை விட்டுது? ஜோடிக்குச் சம்மதம்னு சொல்லிடுச்சு. பயிற்சிக்கு மூணாம் மாடிக்குப் போச்சு... திரும்பி வரல. பெட்டி இன்னும் இங்கதான் இருக்கு."

"அந்தப் பொண்ணு..."

"நீளப் பின்னல்மா."

அண்ணனை அனுப்பி, முடியவே முடியாது என்று சொல்லச் சொன்னேன். அன்றே ஊர் திரும்பினோம். முப்பது முடிந்தது. இப்போது டியூஷன்தான் எடுக்கிறேன்.

நேற்று ஒரு சின்னப் பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சின் வலது ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், காலை எடுங்க... என்னால பெடலை மிதிக்க முடியல" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.