பறியில் விழுந்த பச்சைக் கல்

வேலைக்காலம் முழுவதும் அரசு ஆய்வகத்தில் கனிமங்களுக்குச் சீட்டு எழுதியவன் நான். எந்த மாதிரியை எந்தப் பையில் போட வேண்டும், யார் கையெழுத்துக்குக் கீழே யார் கையெழுத்து என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றுப் பழவேற்காட்டில் குடியேறிய பிறகு யாரும் கேட்கவில்லை.

ஏரியில் கையால் இறால் பிடிக்கும் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு இறால் தருவார். ஒரு நாள் இறாலோடு ஒரு கசடுக் கட்டியும் வந்தது. டச்சுக்காரர்கள் கோட்டைப் பக்கம் உலோகம் உருக்கிக் கொட்டியதாக இருக்க வேண்டும். அதன் பொந்துகளில் மஞ்சள் கலந்த பச்சையில் பொடிப் படிகங்கள். புற ஊதா விளக்கைக் காட்டினேன். பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு துணுக்கைக் கரியில் வைத்துச் சுட்டேன், பூண்டு வாடை. ஆர்சனிக். உப்புத் தண்ணீர் நூற்றாண்டுக் கணக்கில் கசடை அரித்து உண்டாக்கிய துத்தநாக ஆர்சனேட், அபூர்வமான கனிமம். சீட்டில் சிவப்பு மையால் ‘நச்சு’ என்று எழுதிவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.

அந்தப் பெண்ணிடம், “இந்த மாதிரி கெடைச்சா எடுத்துட்டு வாம்மா” என்று மட்டும் சொன்னேன். விஷம் என்று சொன்னால் கொண்டு வர மாட்டாரே.

“இன்னா சார், கல்லுக்கு இப்டி அலையுற? கொழம்பு வெக்கப் போறியா?” என்று சிரித்தார். அடுத்தடுத்துக் கொண்டு வந்தார்.

கசடு கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள ஒரு காலை கரைக்குப் போனேன். அவரும் அவர் நாத்தனாரும் கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அதனால் இறால் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். என் கல்லோடு சேர்த்து அதை நினைத்துப் பார்த்ததில்லை. என் கண்ணெதிரே அந்தப் பெண் ஒரு கட்டியை எடுத்துப் பறிக்குள் போட்டார்.

“கீழ போடும்மா! அது விஷம்!”

பறியை வாயிலிருந்து எடுத்தார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“மொதல் கல்லுலயே.”

“படிச்ச மனுசனாம். த்தூ!” என்றார் நாத்தனார்.

“தண்ணியில அவ்வளவா கரையாதும்மா” என்றேன். அமிலத்தில் கரையும், வயிற்றில் இருப்பதும் அமிலம்தான் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

“இந்தப் பறி எறாவத்தான சார் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன்” என்ற அந்தப் பெண், அன்று பிடித்ததை முழுக்க ஏரியில் கவிழ்த்தார்.

அவரையும் பிள்ளைகளையும் ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கல் எப்படி இவர்கள் கைக்கு வந்தது என்று டாக்டர் கேட்டார்.

“ஏரியில கெடக்குது டாக்டர். தெரியாம எடுத்திருக்காங்க.”

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. சொல்வதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாத்தனார் நின்றிருந்தார்; சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

“சொல்ட்ட இல்ல? கெளம்பு.”

கிளம்பினேன்.