நிலாவில் அக்காவின் எடை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்புக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்து, தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோவைக்குப் போய் இயற்பியல் படித்து, ஆர்.எஸ்.புரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவர். பொறுமைசாலி, அன்பானவர் என்றெல்லாம் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். தங்கையான எனக்கு ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். நினைத்தாலே குமட்டுகிற நாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெருந்துறையிலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்காமல் போனால் ஊர் பேசும் என்று, கோவையில் அறிவியல் மையத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல இரு வீட்டாரும் சந்திக்க ஏற்பாடானது. எல்லாவற்றையும் தொட்டு, இயக்கிப் பார்க்கலாம் என்கிற இடம். அக்கா தன் மாணவிகளை இரண்டு முறை அங்கே அழைத்துப் போயிருந்தார். அப்பா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்: "அம்மணி, அங்க வந்து பாடம் நடத்தீராத. கம்முனு இரு. இதுவும் தட்டிப்போச்சுன்னா எம்மானம் போயிரும்."

அக்கா கம்மென்று இருந்தார். மாப்பிள்ளை ஒரே நீளத்தில் தொங்கிய இரண்டு ஊசல்களை ஆட்டிவிட்டு, கனமான குண்டுதான் வேகமாக ஆடும் என்று கதை அளந்தார். சுத்தத் தப்பு. அக்கா ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இன்றும் என்னால் சகிக்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை, அக்காவின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எதிர்ச் சுவர்ப் பலகையை வாசிக்க வைத்தார். பிறகு ஓர் எடை இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். "இதுல ஏறு அம்மணி, பாக்கலாம்."

அக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். அக்கா ஏறினார். முள் பதினொன்றில் நின்றது.

"இதென்னுங்க, பதினோரு கிலோங்குது? கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றார் அத்தை.

"கெட்டுப்போகலீங்க, இது நிலாவுல இருக்கற எடைங்க. ஆறால பெருக்குங்க, அறுபத்தாறு!"

சொன்னது வேறு யாருமல்ல, நான்தான். பதினாறு வயது. அக்கா சொல்லிக்கொடுத்த பாடத்தை அக்காவுக்கு எதிராகவே ஒப்பித்தேன். சீ, என்ன புத்தி அது!

"அறுபத்தாறா! எங்க பையனுக்கு ஜாஸ்திங்களே" என்றார் அத்தை, கூடம் முழுக்கக் கேட்கும்படி. மாட்டுச் சந்தையில்கூடத் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள்.

அக்கா இறங்கினார். "நீங்களும் ஏறுங்கம்மா. ஏறுற எல்லார்த்துக்கும் காட்டும். அப்பறம், கனமானதும் லேசானதும் ஒரே மாதிரித்தான் ஆடும்னு உங்க பையன்கிட்டச் சொல்லிப்போடுங்க."

நாங்கள் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைத் தொடாமலே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்பா மூன்று மாதம் அக்காவோடு பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில் நான் தேம்பியபோது அக்கா என் தோளைத் தட்டினார். "எதுக்கு அழுகற? கணக்குச் சரிதான், கண்ணு."

அக்கா பிறகு யார் முன்னாலும் போய் நிற்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பரப்பிய அதே சொந்தங்கள், சாவு வீட்டில் வந்து "ஒரு கல்யாணங்காட்சி பாக்காமப் போயிட்டியே" என்று மாரடித்தார்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அவர்கள் கைக்கும் இந்த மலர் வரும். படிக்கட்டும்.

கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். ஒருநாள் முள் முப்பத்தாறில் நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நிலாவுல எவ்வளவு, கண்ணு?" என்றார் அக்கா.

"ஆறு, அக்கா."

"கணக்குச் சரிதான்."

முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்த அக்காவின் மாணவிகளுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. எடை பார்த்த நர்ஸம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. வாராவாரம் எடையைச் சீட்டில் எழுதிக்கொண்டாரே தவிர, ஒருநாளும் அவர் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.