நெட்டி கிரம்லியின் கோடரிப் பிடி

எங்கள் மலைப்பக்கத்தில் துப்பாக்கி இல்லாத பிக்கப் வண்டி ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அது நெட்டி கிரம்லியுடையது; மரியாதைக்கு எல்லோரும் மிஸ் நெட்டி என்று கூப்பிடுவார்கள். தபால் வேலையில் இருப்பவள் வேலை நேரத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். ஓக்லஹோமாவில் பள்ளிக்கூடப் பையன் வண்டியில்கூடப் பின்கண்ணாடியை ஒட்டி ரைஃபிள் தொங்கிய காலம் அது. ஐம்பத்தாறு வயது விதவை தினமும் எழுபது மைல் மண்பாதையில் தனியாக வெறுங்கையோடு போக வேண்டுமாம். சட்டம் எழுதினவன் ஒருநாள் எங்கள் பக்கம் வந்து நாய்களிடம் அந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டியிருக்கலாம்.

நெட்டி சட்டத்தை மீறவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் வண்டியில் போட்டுக்கொண்டாள். ஸீட்டுக்கு அடியில் தலையில்லாத கோடரிப் பிடி. கதவுப் பையில் குளவி மருந்து டப்பா. அமுக்கினால் இருபதடிக்குப் பீய்ச்சும். ஸீட்டுக்குப் பின்னால் நாலடி இரும்புப் பைப், சக்கர நட்டு துருப்பிடித்து அடம் பிடித்தால் ஸ்பானரில் மாட்டித் திருப்ப. ஹோய்ட்டின் பழைய காலுறைக்குள் மூன்று சக்கர நட்டுகளைப் போட்டு முடிச்சுப் போட்டிருந்தாள். ஹோய்ட் அவள் புருஷன். மரம் வெட்டப் போன இடத்தில் மரமே மேலே விழுந்து செத்தான்.

ஒருமுறை மேலதிகாரி ஒருவர் வண்டியைச் சோதனை போட வந்தார்.

"இது என்னம்மா?"

"குளவிக்கு. தபால் பெட்டிக்குப் பெட்டி கூடு கட்டுது."

"இந்தக் கட்டை?"

"நாய்க்கு."

"இந்தக் காலுறை?"

நெட்டி கொஞ்சம் யோசித்தாள். "அது என் புருஷன் ஞாபகத்துக்கு."

அவர் நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டார்.

நாய்க்கு என்று சொன்னது பொய்யில்லை. ஹென்ஸ்லி வீட்டு நாய் ஒரு நாள் வண்டி ஜன்னல் வழியாகவே பாய்ந்து அவள் முழங்கையைக் கவ்விக்கொண்டது. கத்தினால் விடுகிற ஜாதியில்லை அது. நெட்டி கத்தவும் இல்லை. கோடரிப் பிடியை அதன் பல்லுக்கு நடுவில் செருகித் திருகினாள், தாடை கழன்றது. பிறகு மண்டையில் மூன்று அடி. ஹென்ஸ்லி ஓடி வந்து நாயைக் கட்டிக்கொண்டு அழுதான். மறுநாள் நெட்டி தபால் போட அவன் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஜாடி வெண்டைக்காய் ஊறுகாய் இருந்தது. எங்கள் ஆட்கள் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான். வாயால் கேட்கச் சொன்னால் செத்துப்போவார்கள்.

வீடுகளின் தபால் பெட்டிகள் எல்லாம் சாலையின் வலது ஓரத்தில்; எங்கள் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் நெட்டி ஓட்டுநர் இடத்தில் உட்கார மாட்டாள். நீளமான ஒற்றை ஸீட்டின் வலது கோடியில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலை எட்டிப் போட்டு பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் அமுக்குவாள். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆளில்லாமல் வண்டி வருவதுபோல இருக்கும்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஓலீட்டா பெடிக்ரூ புருஷனை விட்டு ஓடினாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள். மகள் ஜூனியைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்பு இல்லாமல், வளைவில் நின்று நெட்டியின் வண்டியை மறித்தாள். ஒரு கண் அடிபட்டு வீங்கி முழுதாக மூடியிருந்தது.

"விலாசம் மாத்தற ஃபாரம் இருக்கா, மிஸ் நெட்டி?"

இருந்தது. தபால்தலையிலிருந்து பார்சல் வரை எல்லாம் அந்த வண்டியிலேயே நடக்கும். ஓலீட்டா எழுதிக் கொடுத்தாள். அதை ஆபீசில் சேர்க்க வேண்டியது நெட்டியின் கடமை. ஆனால் ஆபீஸ் கவுண்டரில் இருப்பவன் வெண்டல், ஓலீட்டாவின் புருஷன் கார்லிஸ் பெடிக்ரூவின் சித்தப்பா மகன். ஃபாரம் உள்ளே போன அரை மணியில் கார்லிஸுக்கு விஷயம் போய்விடும். போனால் அவன் அவளைக் கொல்வான். அதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

நெட்டி ஃபாரத்தை அடுப்பில் போட்டாள். விலாசம் அவள் மண்டைக்குள் இருந்தது.

ஒரே ஒரு தொல்லை, ஓலீட்டாவின் அம்மா. அந்தக் கிழவிக்கு மாப்பிள்ளை என்றால் உயிர்; புது விலாசம் தெரிந்தால் அவளே போன் போட்டு அவனிடம் சொல்லிவிடுவாள். அதனால் கிழவியிடம் யாரும் சொல்லவில்லை. தபால்காரர்கள் எப்படியும் கொண்டு சேர்ப்பார்கள் என்று நம்பி அவள் வாரம் தவறாமல் பழைய விலாசத்துக்கே மகளுக்கு எழுதுவாள். நெட்டி வழியில் வண்டியை நிறுத்தி, பழையதை அடித்துவிட்டுப் புது விலாசத்தை எழுதி, பக்கத்து ஊர்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். வேலைக்கே உலை வைக்கிற காரியம். தெரிந்தேதான் செய்தாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. காலை பதினொன்றரை. தண்ணீர் மேலேயே ஓடுகிற தாழ்ந்த பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பச்சை பிக்கப் எஞ்சின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

எங்கள் பக்கம் மூடி தூக்கியிருந்தால் நிற்க வேண்டும். யார் எவர் என்று பார்ப்பதில்லை. முதலில் சாமானைக் கொடுப்போம், அப்புறம்தான் பேர் கேட்போம். நிற்காமல் போனவன் பேர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அடிபடும்.

நெட்டி நிறுத்தினாள். ஒருவன் எஞ்சினுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தான். நிமிராமலே கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"நட்டு அசைய மாட்டேங்குது. நீளமா பைப்பு ஏதாவது கிடக்குதா?"

"இல்லாமயா? இந்தா புடி." ஸீட்டுக்குப் பின்னாலிருந்து பைப்பை உருவி வலது ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

அவன் நிமிர்ந்தான். நெஞ்சு வரை தொங்கிய தாடியை மழித்திருந்தான், வண்டியும் அவனுடையதில்லை. ஆனால் அந்தக் கண்களை எங்கே பார்த்தாலும் தெரியும். கார்லிஸ். தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாளே, மடச்சி!

"சௌக்கியமா, மிஸ் நெட்டி?"

"பைப்பைக் குடு, கார்லிஸ்."

"குடுக்கறேன், குடுக்கறேன். ஓலீட்டா எங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஆபீசுல போய்க் கேளு."

"கேட்டாச்சு. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லேங்கறான் வெண்டல். ஆனா மாமியா லெட்டர் வாராவாரம் ஆபீசுக்கு வருதாம். என் பெட்டிக்கு மட்டும் வரலை. நடுவுல இருக்கறது யாரு? நீங்கதான்."

"உன் பெட்டியில குளவி இருக்கு. அது தின்னிருக்கும்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பைப்பை வீசினான். கதவுக்கு வெளியே பின்பக்கம் பார்க்க வைத்திருந்த கண்ணாடி தூள் தூளாகி அவள் மடியில் கொட்டியது. நெட்டி ஜன்னலை ஏற்றக் கையை வைத்தாள். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. மணிக்கட்டு ஒடிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"அடப் பாவி!"

"சொல்லிடுங்க. அடுத்தது மூஞ்சி."

இடுப்பு வரை ஜன்னலுக்குள் நுழைந்து சாவியைப் பிடுங்கப் போனவன் நின்றுவிட்டான். டாஷ்போர்டு மேல் ஒரு கடிதம். மாமியார் கையெழுத்து. அதை அடித்துவிட்டு, கீழே நெட்டியின் குண்டுக் குண்டு எழுத்து. பாலம் தாண்டிப் பெட்டியில் போட வேண்டிய கடிதம்.

அவன் அதைப் பாய்ந்து எடுத்தான். வெளியே இழுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்தான். உதடு அசைந்தது.

நெட்டி இடது கையால் டப்பாவை எடுத்து அவன் கண்ணிலேயே பீய்ச்சினாள். தீரும்வரை பீய்ச்சினாள். கார்லிஸ் தொண்டை கிழியக் கத்தினான். குருட்டாம்போக்கில் பைப்பைச் சுழற்றினான். கதவு நசுங்கியது, முன்கண்ணாடி போயிற்று. அவள் கோடரிப் பிடியோடு இறங்கி அவன் முழங்கையில் ஒன்று போட்டாள். பைப் விழுந்தது. தோளில் ஒன்று. வாயில் ஒன்று; பல் தெறித்தது. அவன் தட்டுத் தடுமாறி ஓடைக்குள் விழுந்து, முகத்தைத் தண்ணீரில் முக்கி முக்கி ஊளையிட்டான்.

நெட்டி குனிந்து சேற்றிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கி ஆழத்தில் எறிந்தாள். முடிந்தது என்று நினைத்துத் திரும்பினாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. ரத்தமும் தண்ணீருமாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது.

"அமரில்லோ. பத்தாவது தெரு. நானூத்திப் பன்னெண்டு."

நெட்டி நின்றாள்.

"மனப்பாடமாயிருச்சு, மிஸ் நெட்டி. ஏழு மணி நேர ரோடு. என்னை உள்ள போட்டாலும் ஒரு வாரத்துல அண்ணன் வெளிய எடுத்துருவான். அப்புறம் நானும் அவளும்தான்."

அவன் உளறவில்லை. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான் வெளியே வந்தான். நெட்டி கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். அதுவரை அடித்ததெல்லாம் பயத்தில் அடித்தது. இனிமேல் அடிப்பது அப்படியல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே திரும்பிப் போனாள்.

வண்டி ஓட்ட வலது கால் வேண்டும். முதலில் வலது முட்டி. இடது கையால் ஓங்கி, ஈர விறகு பிளப்பதுபோல மூன்று முறை. அவன் அம்மாவைக் கூப்பிட்டான். பிறகு அவள் ஒரு கணம் யோசித்தாள். இடது காலாலும் வண்டி ஓட்டலாம். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? இடது முட்டியையும் முடித்தாள். நடுவில் அவன் கெஞ்சினான், ஆண்டவர் பேரைச் சொல்லிக் கெஞ்சினான். அவள் காதில் விழாமல் இல்லை. தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடாமல் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, ஓடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று அறைய, நாலு மைல் தள்ளி இருந்த மளிகைக் கடை வரை ஓட்டினாள். கடைக்காரி அவளைப் பார்த்ததும், "ஐயோ, யாருடி இப்படிப் பண்ணினது?" என்று ஓடி வந்தாள். "போனைக் குடு. மொதல்ல ஒரு போன். அப்புறம் ஷெரிஃபைக் கூப்பிடு, ஓடைக்கிட்ட ஒருத்தன் கிடக்கறான்."

அமரில்லோவில் ஓலீட்டா வேலை செய்த சாப்பாட்டுக் கடை நம்பரும் அவள் மண்டைக்குள்தான் இருந்தது. போனில் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம். யாரோ சிரித்தார்கள். ஓலீட்டாவும் சிரித்துக்கொண்டே வந்து போனை எடுத்தாள். அவள் சிரித்து நெட்டி கேட்டது அதுதான் முதல் தடவை.

"மிஸ் நெட்டியா! ஜூனிக்கு முன்பல்லு விழுந்துருச்சு, தெரியுமா? திங்கக்கிழமை ஸ்கூல்ல சேக்கறேன்."

"ஓலீட்டா. அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, கண்ணு."

சிரிப்பு நின்றது.

"எப்படி?"

"என்னாலதான். லெட்டரை வெளிய வெச்சிருந்தேன். நிறுத்தியிருக்கக் கூடாது, நிறுத்திட்டேன்." நெட்டிக்கு அழுகை முட்டியது, அடக்கவில்லை. "உனக்கு ரெண்டு மாசம் இருக்கு. மூணுகூட இருக்கும். அவனால நடக்க முடியாது. அதை நான் பாத்துக்கிட்டேன்."

ஓலீட்டா என்ன செய்தாய் என்று கேட்கவில்லை.

"எங்க போவே? பணம் அனுப்பறேன். என் அக்கா வீடு இருக்கு. விலாசத்தை மட்டும் சொல்லு..."

"வேணாம்." ஓலீட்டாவின் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "இந்தத் தடவை உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், மிஸ் நெட்டி."

நெட்டி சுவரில் தலையைச் சாய்த்தாள்.

"அதான் சரி," என்றாள். "யார்கிட்டயும் சொல்லாதே."