இருமல் விழுந்த கேசட்

ராமநாதபுரத்தில் நேற்று ஒலிக்கவிதை கேட்கப் போனேன். மேடையில் ஓர் இளைஞர் ‘வா’ என்ற ஒரே சொல்லைப் பல குரலில் டேப்பில் பதிவுசெய்தார். பிறகு அதன்மேலேயே மூச்சையும் மின்கருவி இரைச்சலையும் பதிவுசெய்து சொல்லை அழித்தார். பட்டன் ‘டக்’கென்று விழுந்ததும் பல்லைக் கடித்தேன்.

தொண்டியில் எங்கள் வீட்டிலிருந்து சவூதியில் வேலை பார்த்த அப்பாவுக்கு, எங்கள் அத்தாவுக்கு, கடிதத்துக்குப் பதில் பேசிப் பதிந்த கேசட்தான் போகும். அம்மா பேசியதை அத்தாவின் அண்ணன் பெரியத்தா முதலில் போட்டுக் கேட்பார். "மச்சான், புள்ளைக்கு உங்க முகமே மறந்துபோச்சு. வந்துருங்க" என்ற இடத்தில் நிறுத்துவார்.

"அவன் அனுப்புற காசுல கட்டுற என் வீட்டு மாடி பாதில நிக்கிது. இப்பப் போயி கூப்புடுறியாக்கும்?"

டேப்பைப் பின்னால் சுற்றி, சிவப்புப் பதிவுப் பட்டனை அழுத்தி, அந்தப் பேச்சு இருந்த இடம் முடியும்வரை அதன்மேல் இருமுவார். அம்மா எதிரே நின்றுகொண்டிருப்பாள். ஒவ்வொரு கேசட்டிலும் இதேதான்.

ஒன்பது வருடம் கழித்து வந்த அத்தா கேட்டார்: "ஒரு தடவையாச்சும் வாங்கன்னு சொன்னியா? அண்ணன் இருமல்தான் கேட்டுச்சு."

அம்மா பெரியத்தாவைப் பார்த்தாள். அவர் இருமினார்.

அரங்கில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டாததைப் பார்த்து, இளைஞர் இறங்கி வந்தார்.

"பிடிக்கலையாக்கா?"

"அழிச்சத முழுசாக் கேக்கணும் தம்பி."

"அது முடியாதுக்கா. போனது போனதுதான்" என்று சிரித்தார்.