கரையைக் கடந்துடுச்சாம்

எழுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டை ஒட்டி இருந்த பீங்கான் பட்டறையில், அச்சில் களிமண் கூழ் ஊற்றிக் கப்பு செய்யும் வேலை என் வீட்டுக்காரருக்கு. எங்கள் ஐந்து வயது மகள் மங்கலம்பேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவுடையது கூரை வீடு. புயல் வருகிறது, வருகிறது என்று டீக்கடை ரேடியோ கத்திக்கொண்டே இருந்ததில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை டீ குடிக்கப் போனவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"புயலு கரையைக் கடந்துடுச்சாம். ரேடியோவுலயே சொல்லிட்டான்."

"கடந்துடுச்சுன்னா?"

"போயிடுச்சுன்னு அர்த்தம். ஆத்தக் கடந்தவன் அந்தாண்ட போயிட்டான்ல, அது மாதிரிதான். நான் போயி புள்ளைய கூட்டிகிட்டு வந்துடறேன்."

வானம் அடுப்புக்கரியாக இருந்தது. "ரேடியோக்காரன் என்ன உங்க மச்சானா? நாளைக்குப் போங்களேன்" என்றேன். கேட்கிற ஆளா அவர்? சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கரை என்றால் எங்களுக்கு ஆற்றங்கரைதான். கடலை நான் கண்ணால் பார்த்ததில்லை. கடலை விட்டுக் கரையேறிய பிறகுதான் புயல் ஊருக்குள்ளேயே நுழையும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மத்தியானத்துக்குள் வந்துவிட்டது காற்று. எதிர்வீட்டு ஓடுகள் பறந்தன. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"மங்கலம்பேட்ட ரோட்டுல புளியமரமா சாஞ்சு கெடக்குது. பஸ்ஸாவது ஒண்ணாவது! வூட்டுக்குப் போம்மா" என்று ஒரு கண்டக்டர் விரட்டினார்.

வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். பட்டறையின் தகரம் பிய்த்துக்கொண்டு போனதும், அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து சுடாத கப்புகளை எங்கள் வீட்டுக்குள் தூக்கி வந்தோம். மழை பட்டால் அவை மறுபடி மண்ணாகிவிடும். கைக்கு வேலை இருந்தால் மனசு அடங்கும் என்று நினைத்தேன். எங்கே அடங்கியது! ஒரு கப்பை இறுக்கிப் பிடித்து நொறுக்கியே விட்டேன். "பாவி மனுசா, புள்ளையோட வந்து சேரு" என்று எல்லோருக்கும் முன்னாலேயே கத்தி அழுதேன்.

மறுநாள் பொழுது சாயும்போது வந்தார், நடந்தே, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு காலில்தான் செருப்பு. அக்கா வீட்டுக் கூரை சரிவதற்குள் எல்லோரையும் பக்கத்துத் தெரு பாய் ஒருவரின் மாடி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

"அப்பா வரலன்னா நாங்க அவ்ளோதாம்மா" என்று அங்கே பெரியவர்கள் சொன்னதை மகள் அப்படியே ஒப்பித்தாள். அவளை வாங்கி உள்ளே இறக்கிவிட்டுத் திரும்பினால், இவர் படியேறாமல் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா, கோவம் கரையைக் கடந்துடுச்சா?"

"இப்பத்தான் கடக்குது. உள்ள வாங்க."

வந்தார். அந்த ஈரச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினேன். பிறகு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.