ஊறுதா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எங்கள் ஆய்வகத்து வாசலில் பை சோதிக்கும் காவலாளி அவர். ஒடுங்கிய கன்னம், கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் கருகிய தோல். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில், அவர் சொல்லில் ‘கரண்ட் வெச்சதுல’, உமிழ்நீர் நின்றுபோனது. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் பாட்டிலைத் திறந்து நாக்கை நனைத்துக்கொள்வார்.

உள்ளே உமிழ்நீர்ச் சுரப்பி செல்களை வளர்க்கிறேன் என்று நான் சொல்லித் தொலைத்த நாளிலிருந்து, மாலையில் ஒரே கேள்விதான்.

"இன்னாமா, ஊறுதா?"

அந்தச் செல்கள் சில வாரம் பெருகிச் செத்துவிடும். ஒருவழியாக மரபணுவில் கைவைத்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி செய்துவிட்டோம். அன்று ஆய்வகம் முழுக்க லட்டு. வீட்டுக்குக் கிளம்பும் சந்தோஷத்தில், ‘இனி அந்தச் செல் சாகாதுண்ணா’ என்று யோசிக்காமல் அவரிடமும் ஒன்றை நீட்டினேன்.

மறுக்காமல் வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். இறங்கவில்லை. மறுபடி குடித்தார். கடைசியில் கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டார்.

"சாவாதுன்றியே, அதுக்கு எச்சி ஊறுதா?"

"இல்லண்ணா. பெருகுது, அவ்ளோதான். ஊறுறத மறந்துடுச்சு."

"அப்போ அதுவும் என்னை மாதிரிதான். சாவாம கீது."

சிரிக்கவில்லை. வழக்கம்போல என் பையைத் துழாவினார். என் கையில் ஒட்டியிருந்த லட்டின் நெய் வாசனைக்கு வாயில் எச்சில் ஊறி நிறைந்தது. அதை அவர் முன்னால் விழுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.