எண்ணெய் குடித்த ரீடுகள்

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் ‘ரீடக்கா’. இருபத்திரண்டு வருடமாக அக்கார்டியன் ரீடுகளை, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் அந்த எஃகு நாக்குகளை, சரிசெய்கிறாள். வேலை நேரத்தில் யாராவது விசிலடித்தால்கூட வள்ளென்று விழுவாள். கடையின் முன்பக்கம் உட்கார்ந்து வாய்ச்சவடால் அடிப்பது தம்பி. பின்னறையில் இடுப்பு ஒடிய வேலை பார்ப்பது அவள்.

அன்று பாட்டு டீச்சர் ஒரு பழைய அக்கார்டியன் பெட்டியோடு வந்தபோது தம்பி டீ குடிக்கப் போயிருந்தான்.

“எங்கப்பா வாசிச்சது அக்கா. முதல்ல ரெண்டு கட்டைதான் பேசாம இருந்துச்சு. போன மாசம் உங்க தம்பிகிட்ட குடுத்து வாங்கினேன். இப்ப பாதிப் பெட்டி ஊமையாயிருச்சு. நான் முரட்டுத்தனமா இழுத்துக் கெடுத்துட்டேன்னு சொல்றார். நெஜமாவா?”

டீச்சர் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

போன மாதம் ரீடக்கா ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தாள். பெட்டி வந்ததே அவளுக்குத் தெரியாது. ஆணிகளை உருவித் துருத்தியைப் பிரித்தாள். தையல் மெஷின் எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. ரீடுகளை மூடும் மெல்லிய தோல் துண்டுகள் எண்ணெயில் ஊறி, எஃகு நாக்குகளோடு பசைபோல ஒட்டிக் கிடந்தன. அவளுக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது.

“டீச்சர், இதுல உங்க தப்பு கடுகளவும் இல்ல.”

அதற்குள் தம்பி வந்துவிட்டான்.

“ரீடுக்கு எண்ணெய் விட்டியாடா?”

“ரெண்டு சொட்டுதாங்க்கா. கதவு கிறீச்சுன்னா விடறதில்லையா?”

“தெரியாம விட்டத மன்னிச்சிருவேன். பழிய இவங்க தலையில போட்டியே, அதுக்கு என்ன சொல்ற?”

“வெளியாள் முன்னாடி என் மானத்த வாங்காத.”

“இருந்தாத்தானேடா வாங்கறதுக்கு!”

அவன் விருட்டென்று வெளியேறினான்.

பெட்டியைச் சரிசெய்யப் பதினோரு நாள் ஆயிற்று. ரீடுகள் பொருத்திய தகடுகளுக்கு எண் போட்டுக் கழற்றினாள். பழைய மெழுகைச் சுரண்டினாள். எண்ணெயையும் துருவையும் துடைத்தாள். ஒவ்வொரு நாக்குக்கும் புதுத் தோல் வெட்டி ஒட்டினாள். மனதுக்குள் தம்பியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். தேன்மெழுகில் பிசினை உருக்கிச் சேர்த்துத் தகடுகளைப் பதித்தாள். சுருதி இறங்கியிருந்த நாக்குகளின் நுனியை மயிரிழை அளவு சுரண்டி ஏற்றினாள்.

“கூடப் பொறந்தவன்தானே, விட்டுத்தள்ளு,” என்றாள் வீடு திரும்பியிருந்த அம்மா.

“அவன் டீச்சர்கிட்டப் போய்த் தப்பு தன்னோடதுன்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்.”

தம்பி போகவில்லை. ‘அக்காவுக்குப் பைத்தியம்’ என்று தெருவில் சொல்லித் திரிந்தான். அது அவள் காதுக்கும் வந்தது.

டீச்சர் வந்து வாசித்தார். எல்லாக் கட்டைகளும் பேசின. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசித்தார். வழக்கம்போல் கடையின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி தலை நிமிரவில்லை. டீச்சர் போனதும் ரீடக்கா பின்னறைக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாள்.

“எனக்கு ஒரு சாவி?” என்றான் தம்பி.

“டீச்சர் வீடு தெரியுமில்ல? போய்ட்டு வா, பேசலாம்.”

இன்றுவரை அவன் போகவில்லை. அவளும் சாவி கொடுக்கவில்லை.